கூப்பிட்ட குரலுக்கு

அந்தத் தெருவின் கடைசி வீட்டுக்கு நாங்கள் போனது சாப்பாட்டு நேரம் தாண்டிய ஒரு மத்தியானம். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு நல்ல பசி, அதைவிட நல்ல எரிச்சல். கோடைக்காலப் பயிற்சி, நகரத்து மழைநீர் மேலாண்மை என்று கல்லூரியில் சொன்னபோது நான் கண்ட கனவே வேறு. குளிர்ந்த அறை, பெரிய திரை, அதில் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்க நீலக் கோடுகள். நான் சுழல்நாற்காலியில் உட்கார்ந்து எந்தத் தெருவில் எவ்வளவு மழை தேங்கும் என்று கணக்குப் போடுவேன். கிடைத்ததோ, ஊரார் வீட்டுக் குளியலறையில் குப்புறப் படுத்து, தண்ணீர் போகிற ஓட்டையில் காதை வைக்கிற உத்தியோகம்.

வேலை இதுதான். தெருவுக்கு அடியில் இரண்டு குழாய்கள் ஓடுகின்றன. ஒன்று மழைத் தண்ணீருக்கு. அது நேராக ஏரிக்குப் போய்விடும். இன்னொன்று வீட்டுக் கழிவுநீருக்கு. அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். எந்தக் காலத்திலோ யாரோ சோம்பல்பட்டு, சில வீடுகளின் குளியலறைக் குழாயைக் கிட்டத்தில் இருந்த மழைநீர்க் குழாயில் சொருகிவிட்டுப் போய்விட்டார்கள். சோப்பு நுரை மொத்தமும் ஏரியில். அந்தத் தப்பான இணைப்புகளைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.

சாயத் தண்ணீரை ஊற்றி அது எங்கே வெளிவருகிறது என்று பார்ப்பதுதான் முறை. எங்கள் மேற்பார்வையாளருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அவருக்கு ஆபீசில் மைக்செட் என்று பெயர். அவர் பக்கத்து அறையில் ரகசியம் பேசினால் எதிர்க் கட்டிடத்தில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். அந்தத் தொண்டையைத்தான் அவர் கருவியாக வைத்திருந்தார். முறையாகப் போட்ட குழாயில் ஒரு வளைவு இருக்கும், அதில் தண்ணீர் நின்று சத்தத்தை மறிக்கும். தப்பான இணைப்பில் அந்த வளைவு இருக்காது. ஆகவே அவர் தெருவில் மேன்ஹோல் மூடியைத் திறந்து, உள்ளே தலையை நீட்டி, "கேக்குதா?" என்று ஒரு அதட்டல் போடுவார். நான் வீட்டுக்குள் காது வைத்திருப்பேன். கேட்டால் தப்பு, சுவரில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. கேட்காவிட்டால் சரி, அடுத்த வீடு. எப்போதும் அவர் வெளியே, நான் உள்ளே. கண்ணை மூடிக்கொண்டே செய்கிற அளவுக்கு அது எங்களுக்குப் பழகியிருந்தது.

மோசமான மனிதர் இல்லை. அவருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை கிடையாது. வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து ஓய்ந்தவர்கள். தெருவில் விளையாடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வம்பிழுக்காமல் நகரமாட்டார்.

கடைசி வீட்டுக் கதவைத் திறந்தது என் அம்மாவைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண்மணி. முன்னறையில் ஜன்னலைப் பார்த்துப் போட்ட கட்டிலில் அவர் கணவர் படுத்திருந்தார்.

"வாதம் வந்து வலது பக்கம் போயிடுச்சும்மா. பேச்சும் போயிடுச்சு. காது மட்டும் நல்லா கேக்கும்," என்றார் அந்த அம்மா.

நான் வணக்கம் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

குளியலறையில் கால் வைத்ததும் பாதம் சில்லென்றது. சாக்கடை நாற்றம் எனக்குப் பழகிப்போன ஒன்று. அங்கே அடித்தது அது இல்லை. வெள்ளம் வடிந்த மறுநாள் தெருவெல்லாம் வருமே, சேறும் அழுகிய இலையுமாக, அந்த வாசம். வெளியே மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டிருந்தது. குளிக்கிற இடத்தில் யார் முக்காலி போட்டு உட்காருவார்கள் என்று யோசித்துக்கொண்டே சல்லடை மூடியைக் கழற்றினேன். படுத்தேன். காதை வைத்தேன்.

உள்ளே எங்கோ தண்ணீர் நகர்கிற சத்தம்.

அப்புறம், மெதுவாக, கொஞ்சம் தயங்கி:

"வரலாமா?"

மைக்செட் சாருக்கு இவ்வளவு மெதுவாகக்கூடப் பேச வருமா என்று எனக்கு ஆச்சரியம். பசிக்கிறது போல, வேலையை முடித்துக்கொண்டு உள்ளே வரட்டுமா என்று கேட்கிறார் என்று நினைத்தேன்.

"வாங்க சார்! நல்லாவே கேக்குது, இதுவும் தப்பான கனெக்‌ஷன்தான்!" என்று குழாய்க்குள் கத்தினேன்.

 ஒரு பெருமூச்சு மாதிரி காற்று வந்து கன்னத்தில் பட்டது. ஐஸ் காற்று.

"அப்பா... வரலாமா?"

நான் எழுந்துவிட்டேன்.

வெளியே ஓடினேன். மைக்செட் சார் தெரு நடுவில் மேன்ஹோல் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கடப்பாரை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். மூடி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது.

"என்னம்மா இன்ஜினியரு, அதுக்குள்ள வந்துட்டே? இன்னும் மூடியையே திறக்கல."

"நீங்க இப்ப பேசலையா சார்?"

"யார்கிட்ட பேசுறது, இந்தக் கடப்பாரைகிட்டயா?"

 பின்னால் யாரோ என் தோளைத் தொட்டார்கள். அந்த அம்மாதான். முகத்தில் பயமே இல்லை. ரொம்ப நாள் தனியாகச் சுமந்த மூட்டையை இன்னொருத்தர் கைகொடுத்து இறக்கிவிட்ட மாதிரி இருந்தது அந்த முகம்.

"உனக்கும் கேட்டுச்சாம்மா?" என்றார். "அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல."

வாசலில் நின்றபடியே சொன்னார். ஒரே பையன். அவர்களுக்கு அடுத்து ஒன்று பிறக்கும் என்ற ஆசையில் அப்பா அவனைப் பெரியவனே என்று கூப்பிட ஆரம்பித்து, அடுத்தது பிறக்காமலே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பரீட்சையில் தவறியதை மறைத்துவிட்டான். ஒரு மழை நாளில் விஷயம் வெளியே வந்தது. அப்பாவுக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. நானாக் கூப்பிடாம இந்த வீட்டுக்குள்ள காலடி வைக்காதே என்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். அவனும் அவருக்குப் பிறந்தவன்தானே. வாசலிலேயே நனைந்துகொண்டு நின்றான்.

"வரலாமான்னு ஒரு தடவை கேட்டாம்மா. இவர் பதில் சொல்லல. கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு நினைச்சார். அவன் தெருவுல இறங்கிட்டான். இடுப்பளவு தண்ணி. வடியட்டும்னு தெருக்காரங்க மேன்ஹோல் மூடியைத் தூக்கி விட்டிருந்தாங்க. தண்ணிக்குள்ள எங்க குழி இருக்குன்னு யாருக்குத் தெரியுது."

பையன் கிடைக்கவேயில்லை. அப்பா விடிய விடியத் தெருவில் நின்று அவனைக் கூப்பிட்டார். தண்ணீர் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. அதற்கப்புறம்தான் அவர் சாய்ந்தது, பேச்சுப் போனது.

"தினம் கேக்குறான். நான் வாடா வாடான்னு தொண்டை வத்தக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். என் குரல் அவனுக்கு எட்டவே மாட்டேங்குது. எனக்கு ஒரு பதில் வந்ததில்ல. அப்பா கூப்பிடணும் அவனுக்கு. இவரால முடியல. இருட்டுல, சேத்துல, எத்தனை வருஷமா நிக்கிறான் பாருங்க."

பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த மைக்செட் சார் செருப்பை மாட்டிக்கொண்டார். "மனசுக்குக் கஷ்டமாத்தான்மா இருக்கு. ஆனா இந்த இணைப்பை நாளைக்குக் கொத்தனார் வந்து அடைச்சே ஆகணும். என்னால விட முடியாது."

"அடைங்க," என்றார் அந்த அம்மா. நாங்கள் இரண்டு பேரும் அதை எதிர்பார்க்கவில்லை. "அடைக்கிறதுக்கு முன்னாடி அவனை ஒரு தடவை கூப்பிட்டுக் குடுங்க. ஒரு வாரமா உங்க சத்தம் தெருவுல கேக்குது. இவர் குரலே மாதிரி இருக்கு. இவரே கேட்டுட்டு அழுதார்."

"நான் குழாய்க்குள்ள கத்துறவன்மா. மந்திரவாதி இல்ல," என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

போகிற வழியெல்லாம் நான் விடவில்லை. "கத்துறதுதானே சார் உங்க வேலை. இன்னும் ஒரு தடவை கத்தினா தேஞ்சா போயிடும்?"

அவர் வண்டியை இன்னும் முறுக்கினார். ஆபீஸ் வாசலில் இறக்கிவிடும்போதுதான், முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பையனை வீட்டுல என்னன்னு கூப்பிடுவாங்கன்னு சொன்னாங்க?"

மறுநாள் காலையிலேயே மேகம் கட்டிவிட்டது. கொத்தனார் வாசலோரம் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார். நானும் அந்த அம்மாவுமாக அவர் கணவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, குளியலறை வாசலுக்கு நகர்த்தினோம். அந்த அம்மா தலை வாரியிருந்தார். நல்ல உடுப்பு உடுத்தியிருந்தார். மகன் வெளியூரிலிருந்து வருகிற நாளில் அம்மாக்கள் இருக்கிற மாதிரியே இருந்தார், என்னால் பார்க்க முடியவில்லை. முக்காலியில் உட்கார்ந்தார். நான் தரையில் படுத்தேன்.

மைக்செட் சார் தொண்டையைச் செருமினார். "சரி, நான் போறேன். ரெடியா இருங்க," என்றார்.

போனார். தெருவுக்குப் போனார். மேன்ஹோலுக்குப் போனார்.

எங்களில் ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அவர் வெளியே, நான் உள்ளே. தினம் அப்படித்தானே.

கடப்பாரை நெம்பி மூடி உருளுகிற சத்தம் கேட்டது. அப்புறம் குழாய் வழியாக அவர் குரல் வந்தது. நான் அதுவரை கேட்டறியாத குரல் அது. அதட்டல் இல்லை.

"பெரியவனே! போதும்டா. வீட்டுக்கு வாடா!"

நாற்காலியில் இருந்தவரின் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது. வாய் கோணிக்கொண்டு அசைந்தது, சத்தம் வரவில்லை.

குழாய்க்குள் எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது.

"அப்பாவா?"

கிட்டத்தில். என் காதுக்கு நேர் கீழே.

"நான்தான்டா. வா, பெரியவனே."

"வரேம்பா."

அந்த அம்மா இரண்டு கையையும் ஓட்டைக்கு மேல் நீட்டினார். தண்ணீர் கலங்கியது. வெறுங்கால் ஈரத்தில் பதிகிற சத்தம். சளப். சளப். சேற்று வாசம் குப்பென்று ஏறியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வருகிறான், வருகிறான் என்றே நினைத்தேன்.

சளப். சளப்.

சத்தம் குறைந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் குரல் வந்த பக்கம் போகிறான். தெருப் பக்கம்.

"இங்கடா!" என்று அந்த அம்மா ஓட்டையில் முகத்தைப் பதித்துக் கதறினார். "அங்க இல்லடா, வீடு இங்கடா! அம்மா இங்க இருக்கேன்டா!"

நான் வெளியே பாய்ந்தேன். மைக்செட் சார் மேன்ஹோல் ஓரத்தில் மண்டியிட்டிருந்தார். வலது கை குழிக்குள் நீண்டிருந்தது. கனமான எதையோ தூக்குகிறவர் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். குழியிலிருந்து எதுவும் வெளியே வரவில்லை. ஆனால் அவர் சட்டைக் கை முழங்கை வரை நனைந்து சொட்டியது. பக்கத்துத் தார் ரோட்டில் ஈரம் திட்டாகப் பரவியது.

"ஏறிட்டான்," என்று கிசுகிசுத்தார்.

"உள்ள கூட்டிட்டு வாங்க சார்! வீட்டுக்குள்ள வந்து நின்னு கூப்பிடுங்க, வருவான்!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் எதையோ பொத்திப் பிடித்திருந்தன.

"என்னை அப்பான்னு சொன்னாம்மா," என்றார்.

எழுந்தார். வண்டிக்கு நடந்தார். அவர் உட்கார்ந்த பிறகு, பின்சீட் லேசாக அமுங்கியது. வண்டி தெரு முனை திரும்பி மறைந்தது. மழை பிடித்துக்கொண்டது.

உள்ளே அந்த அம்மா இன்னும் தரையில் இருந்தார். வாசம் போய்விட்டிருந்தது. சாதாரணக் குளியலறை. சிமெண்ட் சட்டியோடு வந்து தயங்கி நின்ற கொத்தனாரிடம் அவரே சொன்னார்.

"அடைச்சிடுப்பா. இனி அதுல என்ன இருக்கு."

அதற்கப்புறம் மைக்செட் சார் கத்துவதை விட்டுவிட்டார். சாயம் ஊற்றிப் பார்ப்போம், அதுதான் முறை என்றார். ஆபீசில் எல்லோரும் ஆச்சரியப்பட்டுக் கேலி செய்தார்கள், மைக்செட் ரிப்பேர் என்று. என்னை வண்டியில் ஏற்றுவதில்லை. "நீ பஸ்ல வந்துடும்மா," என்பார். உச்சி வெயிலில் நிற்கும் வண்டியில் முன்சீட் கொதிக்கும். பின்சீட் சொதசொதவென்று இருக்கும். கீழே தண்ணீர் தேங்கியிருக்கும். சிக்னலில் நிற்கும்போது அவர் தலையைத் திருப்பாமல் மெல்லப் பேசிக்கொண்டிருப்பதை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சிரிப்பார். ஒரு நாள் ஹெல்மெட் கடையில் நின்று, தன் அளவுக்கு இல்லாமல் சின்னதாக ஒரு தலைக்கவசம் வாங்கினார். 

கேட்டே விட்டேன். "எப்ப சார் அவனை வீட்டுல விடப்போறீங்க?"

"விடணும். விட்டுடுவேன்."

"அவன் உங்க பிள்ளை இல்ல சார்."

"தெரியும்மா." வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெருசா ஒண்ணும் கேக்க மாட்டான். எங்கேப்பா போறோம்னு கேப்பான். ஏம்பா வெயில் இப்படி அடிக்குதும்பான். அவ்வளவுதான். ராத்திரி என் வீட்டுக்காரி தண்ணிக் குவளையைக் கீழ வெச்சா, யாரு பாதியைக் குடிச்சதுங்கிறா. பயந்துதான் கேக்குறா, ஆனா மறுநாளும் நிறைச்சு வைக்கிறா. நாளைக்குக் கொண்டுபோய் விட்டுடறேன்."

நாளைக்கு, நாளைக்கு என்று கோடை முடிந்துவிட்டது. அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

என் பயிற்சியின் கடைசி நாள் சாயங்காலம் அந்த அம்மாவை ஆபீஸ் வாசலுக்கு நானே கூட்டி வந்தேன். எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். மைக்செட் சார் வண்டிச் சாவியோடு வெளியே வந்து, அவரைப் பார்த்து, நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஐயா, வீட்டுக்கு அனுப்புங்கன்னுகூட நான் கேக்கல," என்றார் அந்த அம்மா. "ஒரு வார்த்தை பேசிக்கிறேன்."

வண்டிக்குப் பக்கத்தில் போனார். பின்சீட்டைத் தடவினார். வெறும் உள்ளங்கையால் ஈரத்தை வழித்து வழித்துக் கீழே விட்டார். வழிக்க வழிக்க விரலிடுக்கில் தண்ணீர் ஊறியது.

"தலை துவட்டலையாடா? சளி பிடிச்சுக்கும்டா உனக்கு," என்றார். "அம்மா வந்திருக்கேன்டா பெரியவனே."

ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஆபீஸ்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சேற்று வாசம் வந்தது.

பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு பையனின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்திலிருந்து, அந்த அம்மாவைத் தாண்டி, மைக்செட் சாரைப் பார்த்து அந்தக் குரல் கேட்டது.

"யாருப்பா இவங்க?"

 "சொல்லுங்க சார்," என்றேன். "ஒரே ஒரு வார்த்தை சார். சொல்லிடுங்க."

அவர் வந்து வண்டியில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். அப்புறம் தலையைத் திருப்பாமல், சொந்தப் பிள்ளையிடம் பேசுகிற மெல்லிய குரலில் சொன்னார்.

"வழி கேக்குறாங்கடா."

வண்டி போய்விட்டது.

அந்த அம்மா கையை நீட்டியபடியே நின்றார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவரோ அழவில்லை. வண்டி போன திசையைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"இத்தனை வருஷத்துல என் குரலுக்கு அவன் வாய் திறந்தது இதுதாம்மா முதல் தடவை," என்றார். "யாருன்னாவது கேட்டானே."

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸாக இருந்தது. விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தோம், பஸ் வந்து அவர் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையாட்டினார், அப்போதும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.